ஏழையின் பாட்டை உலகம் கேட்கச் செய்தவர்

1933-ம் ஆண்டு கோடைகாலம். அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு கார் ஊர் ஊராகச் சுற்றியது. உள்ளே ஒரு தந்தையும், மகனும் இருந்தார்கள். பின்புறத்தில் 140 கிலோ எடையுள்ள ஒரு எந்திரம். பாட்டை இசைத்தட்டில் பதிவு செய்யும் எந்திரம் அது.

தந்தை ஜான் லோமாக்ஸ். மகன் ஆலன் லோமாக்ஸ். மகனுக்கு வயது 18.

அவர்கள் எங்கே போனார்கள் தெரியுமா? சிறைச்சாலைகளுக்கு!

வெளி உலகம் எட்டாத இடத்தில்தான் பழைய பாட்டு மாறாமல் இருக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். லூசியானாவில் அங்கோலா சிறையில் ஒரு கைதி 12 கம்பி கிட்டாரை மீட்டிப் பாடினார். அவர்தான் லெட் பெல்லி.

நூலகத்தில் பியானோ

1937-ல் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஆலனுக்கு வேலை கிடைத்தது. நாட்டுப் பாடல்களைச் சேகரிக்கும் பகுதி அவர் பொறுப்பில் வந்தது.

அதே நகரில், ஒரு சிறு விடுதியில் ஜெல்லி ரோல் மார்ட்டன் பியானோ வாசித்து வந்தார். ஒரு காலத்தில் பெரும் புகழ் பெற்றவர்; அப்போது நொடித்துப் போயிருந்தார்.

1938-ல் ஆலன் அவரை நூலகத்துக்கு அழைத்து, பியானோ முன் உட்கார வைத்தார். நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜாஸ் இசை வளர்ந்த கதையை மார்ட்டன் வாசித்துக்கொண்டே சொன்னார். 8 மணி நேரத்துக்கு மேல் பதிவாயிற்று.

1941-ல் மார்ட்டன் இறந்தார். அந்தத் தட்டுகள் இல்லாவிட்டால் கதையும் அவரோடு போயிருக்கும்.

வானொலியில்

1939-ல் ஆலன், சி.பி.எஸ். வானொலியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாட்டுப் பாடல் நிகழ்ச்சி நடத்தினார். மறு ஆண்டு பெரியவர்களுக்கான நிகழ்ச்சி. அதில் லெட் பெல்லி பாடினார். சிறைக்குள் கேட்ட குரலை நாடே கேட்டது!

1941-ல் மிசிசிப்பி பருத்திப் பண்ணையில் டிராக்டர் ஓட்டிய ஓர் இளைஞரின் பாட்டைப் பதிவு செய்தார், ஆலன். தன் குரலைத் தட்டில் கேட்டதும் அந்த இளைஞருக்குத் தைரியம் பிறந்தது. 1943-ல் சிகாகோ சென்றார். அவரே புகழ் பெற்ற மடி வாட்டர்ஸ்.

பழியும் புகழும்

1950-ல் கம்யூனிஸ்டு ஆதரவாளர்கள் என்று வெளியான ஒரு பட்டியலில் ஆலன் பெயரும் இருந்தது. அதே ஆண்டு அவர் ஐரோப்பா சென்றார். அங்கும் சும்மா இருக்கவில்லை. பி.பி.சி. வானொலியில் பேசினார். ஸ்காட்லாந்து, ஸ்பெயின், இத்தாலி கிராமங்களில் பாட்டுச் சேகரித்தார். 1958-ல் நாடு திரும்பினார்.

அவர் மீது ஒரு குறையும் உண்டு. லெட் பெல்லியின் சில பாட்டுகளின் உரிமையில் தந்தையும், மகனும் தங்கள் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். அது சரியல்ல என்று பலர் கண்டித்தார்கள்.

1977-ல் வாயேஜர் விண்கலங்களில் தங்க முலாம் பூசிய இசைத்தட்டை அமெரிக்கா அனுப்பியது. அதற்குப் பாட்டுத் தேர்வு செய்ய உதவியவர்களில் ஆலனும் ஒருவர். டெக்சாஸ் மாநிலத்தின் பார்வையற்ற ஏழைப் பாடகர் பிளைண்ட் வில்லி ஜான்சனின் குரலும் அதில் உண்டு.

ஆலன் 2002-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி, 87-வது வயதில் காலமானார். தெருவோரத்தில் பாடிய அந்த ஏழையின் பாட்டு, சூரிய மண்டலத்தின் கோள்களை எல்லாம் தாண்டிப் போய்க்கொண்டு இருக்கிறது.