காவலூரில் ஒரு பெரிய கண்

குழந்தைகளே! பெரிய தொலைநோக்கி ஒன்றைக் கட்டத் தொடங்கி, அது முடிவதற்குள் மறைந்துபோன விஞ்ஞானி ஒருவரைப் பற்றி இந்த வாரம் தெரிந்துகொள்வோமா?

அவர் பெயர் வைணு பாப்பு. 1927 ஆகஸ்ட் 10ஆம் தேதி சென்னையில் பிறந்தார். அப்பா, ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். அதனால் சிறு வயதிலேயே மகனுக்கும் வானத்தின் மீது ஆசை வந்துவிட்டது.

மேற்படிப்புக்கு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்றார். 1949ல் அங்கே வானத்தைப் படமெடுத்த தகடு ஒன்றை ஆராய்ந்தபோது, புதிய வால்நட்சத்திரம் கண்ணில் பட்டது! அதற்கு அவர் பெயரும், உடன் ஆராய்ந்த பாக், நியூகிர்க் ஆகிய இருவர் பெயரும் சேர்த்துச் சூட்டப்பட்டன. பிறகு பலோமர் வானாய்வகத்திலும் பணியாற்றினார். அன்று உலகிலேயே பெரிய தொலைநோக்கி அங்கேதான் இருந்தது. அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் நாடு திரும்பினார்.

1960ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். சூரியனை ஆராயப் பேர்போன இடம் அது. ஆனால் இரவில் விண்மீன்களைப் பார்க்க மேகம் பெரிய தொல்லை. (குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு மேகத்தைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? இரண்டு பருவமழையும் நமக்குத்தானே!) பாப்பு வேறு இடம் தேடினார். வாணியம்பாடிப் பக்கம், சவ்வாது மலையில் உள்ள காவலூர் கிடைத்தது. சுற்றிலும் காடு, நகர வெளிச்சம் கிடையாது. முதலில் 38 செ.மீ. கண்ணாடி கொண்ட சிறிய தொலைநோக்கி வந்தது. 1972ல் ஜெர்மனியிலிருந்து 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது.

அடுத்தது 2.34 மீட்டர்! அதையும் வெளிநாட்டில் வாங்கியிருக்கலாம். பாப்பு சம்மதிக்கவில்லை. நம் நாட்டிலேயே செய்ய முடிவெடுத்தார். கண்ணாடிக் கட்டி மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. எடை மூன்று டன்னுக்கு மேல்! பெங்களூரில் அதைக் குழிவாகத் தேய்த்து மெருகேற்றினார்கள். சாணை பிடிப்பது போன்ற வேலை அல்ல இது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மேடு இருந்தாலும் போதும், விண்மீனின் ஒளி ஒரே புள்ளியில் குவியாது, படம் கலங்கிவிடும். அதனால் தேய்ப்பார்கள், அளப்பார்கள், மறுபடி தேய்ப்பார்கள். ஆண்டுக்கணக்கில் நடந்தது அந்த வேலை. கண்ணாடியைத் தாங்கும் இரும்புச் சட்டம் மகாராஷ்டிராவின் வால்சந்த்நகரில் தயாரானது.

இதற்கிடையே 1979ல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராகப் பாப்பு தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். 1982ல் அதன் மாநாடு கிரீஸ் நாட்டில் கூடியபோது, தலைவர் அங்கே இல்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரில் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஆகஸ்ட் 19ஆம் தேதி காலமானார். வயது 55தான்.

வேலை நிற்கவில்லை. 1986 ஜனவரி 6ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி காவலூர் வந்து, தொலைநோக்கிக்கு வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

எவ்வளவு பெரிய கண்ணாடி வைத்தாலும், விண்மீன்களிலிருந்து வரும் புறஊதாக் கதிர்களில் பெரும்பகுதி தரைக்கு வந்து சேராது. காற்று மண்டலம் தடுத்துவிடும். ஆகவே தொலைநோக்கியையே விண்வெளிக்கு அனுப்ப வேண்டும். பாப்பு வளர்த்த இந்திய வானியற்பியல் நிறுவனம், பிற அமைப்புகளோடு சேர்ந்து அப்படி ஒரு புறஊதாத் தொலைநோக்கியைச் செய்தது. 2015 செப்டம்பர் 28ஆம் தேதி, 'அஸ்ட்ரோசாட்' செயற்கைக்கோளில் அது விண்ணுக்குப் போனது. அதை ஏற்றிச் சென்ற பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கில் இருப்பது விகாஸ் எஞ்சின். அந்த எஞ்சினைச் சோதிக்கும் இடம் எது தெரியுமா? ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் தெரிகிறதே, அந்த மகேந்திரகிரி!