ராபர்ட் டிகர்ஸ்டெட்: ரெனினைக் கண்டறிந்த உடலியல் அறிஞர்

சிறுநீரகம் கழிவை வெளியேற்றும் உறுப்பு மட்டுமன்று. இரத்த அழுத்தத்தை நெறிப்படுத்தும் உறுப்புமாகும். இவ்வுண்மைக்கு வழிகாட்டியவர் ராபர்ட் டிகர்ஸ்டெட் (1853–1923).

வாழ்வும் பணியும்

பின்லாந்தில் பிறந்த டிகர்ஸ்டெட், 1886ஆம் ஆண்டில் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரிலுள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தில் உடலியல் பேராசிரியரானார். 1900ஆம் ஆண்டில் தாயகம் திரும்பி ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1918ஆம் ஆண்டு உள்நாட்டுப் போருக்குப்பின், தம்மிசாரி சிறைமுகாமில் கைதிகள் பட்டினியால் மடிந்ததை ஆராய்ந்து அறிக்கை அளித்தார்.

முயல்களில் நடந்த ஆய்வு

டிகர்ஸ்டெட்டும் அவருடைய மாணவர் பெர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகத்திலிருந்து சாறு எடுத்து, மற்றொரு முயலின் சிரைக்குள் செலுத்தினர். இரத்த அழுத்தம் உயர்ந்தது. சிறுநீரகப் புறணியின் சாறே இவ்விளைவைத் தந்தது. அகணியின் சாறு தரவில்லை. கொதிக்க வைத்த சாறு ஆற்றலை இழந்தது. இப்பொருளுக்கு ரெனின் எனப் பெயரிட்டு 1898ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர்.

ஆயினும், இக்கண்டுபிடிப்பு நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை. 1934ஆம் ஆண்டில் ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனியை இறுக்கி நீடித்த உயர் இரத்த அழுத்தத்தை உண்டாக்கிக் காட்டிய பின்னரே ரெனின் மீண்டும் ஆராயப்பட்டது. அதனைக் காண டிகர்ஸ்டெட் உயிருடன் இல்லை.

ரெனின் செயற்படும் முறை

• சிறுநீரகத்திற்கு வரும் இரத்தத்தின் அழுத்தம் குறையும்போது ரெனின் சுரக்கிறது.
• கல்லீரல் உருவாக்கும் ஒரு புரதத்தை ரெனின் பிளக்க, ஆஞ்சியோடென்சின் 1 உண்டாகிறது. இது பெரும்பாலும் நுரையீரலில் ஆஞ்சியோடென்சின் 2 ஆக மாறுகிறது.
• ஆஞ்சியோடென்சின் 2 இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது.
• ஆல்டோஸ்டிரோன், சிறுநீரில் வெளியேறவிருக்கும் சோடியத்தை மீட்கிறது. அதனுடன் நீரும் உடலில் தங்குவதால் அழுத்தம் உயர்கிறது.

இன்றைய பயன்

எனலாப்ரில், லோசார்ட்டான் போன்ற மாத்திரைகள் இத்தொடரின் வெவ்வேறு கண்ணிகளைத் தடுத்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கின்றன.

கவனத்திற்கு

இம்மருந்துகள் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியவை. எனவே, கருவுற்றோரும் கருத்தரிக்கத் திட்டமிடுவோரும் தாமதமின்றி மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மருத்துவரின் அறிவுரையின்றி மாத்திரைகளைத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. உயர் இரத்த அழுத்தம் உள்ளோர் சிறுநீரகச் செயற்பாட்டையும் முறையாகப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.