பிடியரிசியில் படித்த பிள்ளை



நம்ம மலருக்கு ஒரு தலைவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னாங்க. நான் காமராசரை எடுத்துக்கொண்டேன். அவருடைய அரசியலைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்காங்க. நான் எழுத நினைத்தது ஒரே ஒரு விஷயம். ஒரு ஏழைப் பிள்ளை படிக்கிற செலவு யாருடைய செலவு? ஜூன் மாதம் வந்தால் நம்ம செம்பாக்கத்துக் குழுக்களில் உள்கடன் கேட்கிறவங்க என்ன காரணம் சொல்றாங்கன்னு உங்களுக்கே தெரியும். அதனால் இது நம்ம வீட்டுக் கேள்வி.

காமராசர் 1903 ஜூலை 15-ஆம் தேதி விருதுநகரில் பிறந்தார். அப்போது அந்த ஊருக்கு விருதுபட்டி என்று பெயர். அப்பா குமாரசாமி, அம்மா சிவகாமி அம்மாள், தங்கை நாகம்மாள். அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். சிவகாமி அம்மாள் தோட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நகைகளை ஒரு வணிகரிடம் கொடுத்து, மாதாமாதம் வந்த வட்டியில் குடும்பத்தை ஓட்டினார். அந்தம்மா பட்ட பாட்டை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

காமராசர் படித்தது சத்திரிய வித்தியாசாலையில். அந்தப் பள்ளிக்கு ஊர்ப் பெண்களும் பண உதவி செய்தார்கள் என்றே சொல்லலாம். உலையில் அரிசி போடும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி எடுத்துத் தனியாக வைப்பார்கள். அந்தப் பிடியரிசியைச் சேர்த்துப் பள்ளிச் செலவுக்குக் கொடுத்தார்கள். பிள்ளைகளிடம் சம்பளம் வாங்கவில்லை. நம்ம சேமிப்பும் இப்படித்தானே, சகோதரிகளே! கையில் மிஞ்சியதைப் போடுவதில்லை, முதலிலேயே எடுத்து வைக்கிறோம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்க. சம்பளம் இல்லாத பள்ளி இருந்தும் காமராசரின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுபோனது. வீட்டு வறுமைக்காக மாமாவின் துணிக்கடையில் வேலைக்குப் போனார். பள்ளி இலவசமாக இருந்தாலும் வயிறு இலவசமாக நிரம்பாதே! இந்த உண்மையை அவர் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டார்.

பிறகு விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார். 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு சிறைக்குப் போனார். எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 9 வருஷம் சிறையிலேயே கழிந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1954 ஏப்ரல் 13-ஆம் தேதி முதலமைச்சரானார்.

அதற்கு முந்தைய வருஷம் ஒரு கல்வித் திட்டம் வந்திருந்தது. பிள்ளைகள் அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் பெற்றோர் செய்யும் தொழிலைப் பழகணும் என்பது திட்டம். அப்பன் செய்த வேலையையே மகனும் செய்யணுமா என்று ஊரெல்லாம் எதிர்ப்பு. காமராசர் பதவிக்கு வந்ததும் அதைக் கைவிட்டார்.

அடுத்து, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்தார். ஒரு மைலுக்குள் தொடக்கப்பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப்பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப்பள்ளி என்று கணக்கு வைத்துப் புதுப் பள்ளிகள் திறந்தார்கள். தூரம் குறைந்ததில் அதிகம் பயன் பெற்றது பெண் பிள்ளைகள்தான்னு நான் நினைக்கிறேன். பக்கத்துத் தெருவில் பள்ளி இருந்தால், பொண்ணை அனுப்ப மாட்டேன்னு சொல்ல அப்பாவுக்குக் காரணம் கிடைக்காது.

அடுத்தது சோறு. பள்ளியில் மதிய உணவு போடுவது சென்னைக்குப் புதுசு இல்லை. 1920-இலேயே நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் காலத்தில், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் அதைத் தொடங்கியது. ஆனால் அது நிலைக்கவில்லை. காமராசர் 1956-இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். அதற்குப் பணம் வந்த வழியைக் கேளுங்க. ஒரு சாப்பாட்டுக்கு 10 பைசா. அதில் அரசு 6 பைசா, ஊர்க்காரர்கள் 4 பைசா. இன்றைக்கு 10 பைசாவைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் கணக்கைப் போட்ட விதத்தைப் பாருங்க. அரசு தன் பங்கைப் பெரிசாக வைத்துக்கொண்டு, ஊரையும் பொறுப்பில் சேர்த்துக்கொண்டது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தியதும் அப்படித்தான். கட்டடம், பெஞ்சு, சீருடை என்று முடிந்ததை ஊர் மக்கள் கொடுத்தார்கள். நிதியையும் கல்வியையும் பார்த்துக்கொண்ட அமைச்சர் சி. சுப்பிரமணியமும், பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவும் இதற்கெல்லாம் அவருக்குத் துணையாக நின்றார்கள்.

பள்ளிச் சம்பளத்தையும் படிப்படியாக எடுத்தார்கள். முதலில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு, பிறகு எல்லாருக்குமே 11-ஆம் வகுப்பு வரை இலவசம் என்றானது. சம்பளம், சோறு, துணி, தூரம் என்று பிள்ளையைப் பள்ளிக்குப் போகவிடாமல் தடுத்த நாலும் ஒவ்வொன்றாகக் குறைந்தது. இலவசக் கல்வி என்றால் இந்த நாலும் சேர்ந்ததுதான் என்பதே அவர் ஆட்சியில் நான் கற்றுக்கொண்ட பாடம்.

1963-இல் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போனார். 1975 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில் காலமானார். சொந்த வீடு இல்லை, கடைசி வரை சென்னையில் வாடகை வீடுதான். மறுவருஷம் பாரத ரத்னா கொடுத்தார்கள். அவர் பிறந்த நாளை நம்ம பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறோம்.

அவர் வைத்த அடுப்பு இன்னும் அணையவில்லை. 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கி, மறுவருஷம் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. கிராமங்களில் அந்தக் காலைச் சாப்பாட்டைச் சமைக்கிறது யார் தெரியுமா? நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். பிடியரிசி போட்ட கையும், இன்றைக்கு உப்புமா கிண்டுற கையும் பெண்கள் கைதான்.

இப்போது நம்ம பக்கத்தையும் பார்ப்போம். வேளச்சேரி – தாம்பரம் சாலையில் காலையில் எத்தனை பள்ளி வேன் போகுது! அந்தக் கட்டணத்துக்காக நகையை அடகு வைக்கிறோம், குழுவில் கடன் வாங்குறோம். அது அவரவர் விருப்பம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அரசுப் பள்ளிக்கு வருகிற பணம் நம்ம வரிப்பணம். சோப்பு வாங்குறவரைக்கும் நாம எல்லாருமே வரி கட்டுறோம். அந்தப் பணம் எங்கே எப்படிச் செலவாகுதுன்னு கேட்க நமக்கு உரிமை உண்டு. 2010-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கணும், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாக இருக்கணும்.

குழுக் கணக்கில் பத்து ரூபாய் இடித்தாலும் நாம விடமாட்டோம். அதே கண்ணோடு பள்ளிக் கூட்டத்திலும் போய் உட்காரணும். கழிவறைக்குத் தண்ணீர் வருதா, ஆசிரியர் போதுமா, வந்த நிதியில் என்ன வேலை நடந்தது என்று கேட்கணும். அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசி, யார் யார் போறதுன்னு முடிவு செய்து, தீர்மான நோட்டில் எழுதிடுங்க.