கணித மேதை இராமானுஜனும் காலத்தின் அளவுகோலும்



மங்கலம்பேட்டையிலிருந்து உளுந்தூர்ப்பேட்டை சென்று, அங்கிருந்து வடக்கு நோக்கிப் பயணம் செய்தால் திருக்கோவிலூரை அடையலாம். வியாபாரத்தின் பொருட்டும், உறவினர் வீட்டு நிக்காஹ் வைபவங்களின் பொருட்டும் நம்மில் பலர் சென்று வந்த ஊர்தான் அது. இவ்வூர்கள் யாவும் தென்னாற்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த காலத்தில், 1910-ஆம் ஆண்டில், இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் கையில் ஒரு குறிப்பேட்டுடன் திருக்கோவிலூருக்கு வந்து சேர்ந்தார். அங்கே டெபுடி கலெக்டராகப் பணியாற்றிய வி. இராமசாமி அய்யரைக் கண்டு, ஏதேனும் ஒரு குமாஸ்தா வேலை தந்தருள வேண்டும் என்று கேட்டுக் கொண்டார்.

இராமசாமி அய்யர் வெறும் அதிகாரி அல்லர். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவரே. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். வேலை தர மறுத்துவிட்டார். இத்தகைய அறிவை வருவாய்த்துறையின் கடைசிப் படியில் கொண்டுபோய்ப் புதைத்துவிட அவருக்கு மனம் வரவில்லை. சென்னையிலிருந்த நண்பர்களுக்குக் கடிதங்கள் எழுதிக் கொடுத்து அனுப்பி வைத்தார். மறுப்பு ஒன்று உபகாரமாக அமைந்த நிகழ்ச்சி இது!

அந்த இளைஞர்தாம் சீனிவாச இராமானுஜன். 1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். அவருடைய சரிதையைப் பலரும் எழுதிவிட்டனர். நாம் இங்கே பார்க்க விரும்புவது அதன் ஒரு பக்கத்தை மட்டுமே. ஓர் அறிஞர் பெரும் கண்டுபிடிப்பொன்றை வெளியிட்டபின், உலகம் அவரை மதிக்கும் விதம் எவ்வாறு மாறுகிறது? அதை அளந்து பார்க்கத்தான் முடியுமா?

அளக்க முடியும் என்று முயன்றோர் உண்டு. எந்த ஆய்வுக் கட்டுரையை எந்தெந்தக் கட்டுரைகள் எடுத்தாண்டுள்ளன என்று தொகுத்துக் காட்டும் அட்டவணையை 1964-இல் அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு என்பவர் வெளியிட்டார். இஸ்னாது என்னும் அறிவிப்பாளர் தொடரை ஓதிப் பழகிய நமக்கு இது முற்றிலும் அந்நியமான கலையன்று. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. இஸ்னாதில் ஒவ்வொரு மனிதரையும் எடைபோட்டுப் பார்க்கிறோம்; கார்ஃபீல்டின் அட்டவணையோ தலைகளை எண்ணுவதோடு நின்றுவிடுகிறது. புகழ் பெற்றவருக்கே மேலும் புகழ் சேரும் என்பதை 1968-இல் சமூகவியல் அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் எடுத்துக்காட்டினார்.

பின்னர் 2011-இல், சூரிச் நகரின் டிர்க் ஹெல்பிங் முதலான அறிஞர்கள் பல இலட்சம் எடுத்தாள்கைகளை ஆராய்ந்தனர். நோபல் பரிசு பெற்றோரின் தலைசிறந்த கட்டுரை வெளிவந்தபின், அதற்கு மட்டும் கவனம் பெருகவில்லை. அதற்கு முன்பு அவர்கள் எழுதி, எவரும் அதிகம் பாராதிருந்த பழைய கட்டுரைகளையும் பிறர் தேடிப் படிக்கத் தொடங்கினர் என்பது அவர்கள் கண்ட முடிவு. புகழின் வெளிச்சம் பின்னோக்கியும் பாய்கிறது! பழைய கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. படிப்பவரின் கண் மாறிவிட்டது.

இராமானுஜனின் காலத்தில் இத்தகைய அட்டவணை ஏதும் இல்லை. ஆனால் வேறோர் அளவுகோல் நம் கையில் இருக்கிறது. அவருக்கு அவ்வப்போது கிடைத்த பணம்தான் அது. 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். ஆங்கிலத்தில் தவறியதால் அது பறிபோயிற்று. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்து எஃப்.ஏ. தேர்வு எழுதினார்; கணிதத்தில் சிறந்தும் ஏனைய பாடங்களில் தோற்றார். 1907-இல் அவரை அளந்தவருக்கு விடை பூஜ்யமே. திருக்கோவிலூர்க் கடிதங்களின் பயனாய், நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். 1913 மே மாதத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் 75 ரூபாய் வழங்கிற்று. முதுகலைப் பட்டம் பெற்றோருக்கே உரிய ஆய்வு உதவித்தொகை அது. பட்டமே பெறாத இவருக்காக விதி தளர்ந்தது. 1914-இல் இங்கிலாந்து செல்ல ஆண்டுக்கு 250 பவுன்!

சில மாதங்களுக்குள் முப்பது எழுபத்தைந்தாக உயர்ந்தது எவ்வாறு? 1913 ஜனவரி 16-ஆம் நாளிட்டு, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜி.எச். ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமே காரணம். அதில் நிறைந்திருந்த சூத்திரங்கள் அந்த மாதத்தில் பிறந்தவை அல்ல. ஆண்டுக்கணக்கில் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தவற்றிலிருந்து எடுத்தவை. அதே ஏடுகளோடுதான் அவர் வேலை தேடி வீடு வீடாய் அலைந்தார். ஹார்டியின் பதில் வந்தபின் அவ்வேடுகளே பெருமதிப்புக்கு உரியவையாயின.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1911-இல் கணிதக் கழகத்தின் இதழில் இராமானுஜன் ஒரு வினா விடுத்தார். ஒன்றுக்குள் ஒன்றாக முடிவின்றிச் செல்லும் வர்க்கமூலங்களின் மதிப்பு யாது என்பது அவ்வினா. மாதங்கள் கடந்தும் வாசகர் எவரும் விடை அனுப்பவில்லை. ஈற்றில் அவரே விடையளித்தார். விடை 3. அன்று பதிலின்றிக் கிடந்த அந்த வினா, இன்று பள்ளி மாணவருக்கான கணித நூல்களிலும் இடம்பெறுகிறது.

அவரை உலகறியச் செய்த பெரும் படைப்பு, ஹார்டியுடன் இணைந்து 1918-இல் வெளியிட்ட பிரிவினைச் சூத்திரமாகும். விஷயம் எளியது. 4 என்னும் எண்ணை முழு எண்களின் கூட்டலாக எத்தனை விதமாக எழுதலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதம். 10-க்கு 42 விதம். 100-க்கோ 19,05,69,292 விதம்! ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால் ஆயுள் போதாது. இவர்களின் சூத்திரத்தில் ஆறு உறுப்புகளைக் கூட்டிய மாத்திரத்திலேயே, சரியான விடையிலிருந்து ஒன்றில் நூறில் ஒரு பங்கு கூடப் பிசகாத எண் கிடைத்தது. அவ்வாண்டிலேயே ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். எஃப்.ஏ. தேர்வில் தோற்றுப் பதினோரு ஆண்டுகளே ஆகியிருந்தன.

அதற்குள் உடல் நலிந்துவிட்டது. 1919-இல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். வயது முப்பத்திரண்டு.

சாதாரணமாக ஒரு சரிதை இங்கே முடிந்துவிடும். இவருடைய கதையில் பாதிதான் ஆகியிருக்கிறது. 1916-இல் அவர் எழுதிய கட்டுரையொன்றில், டவ் என்ற கிரேக்க எழுத்தால் குறிக்கப்படும் சார்பு பற்றி ஓர் ஊகம் இருந்தது. கணிதத்தின் பெருவழியிலிருந்து விலகிய சிற்றாறு என்றே அது பலருக்குத் தோன்றியது. 1974-இல் பெல்ஜியம் நாட்டுப் பியர் டெலிஞ் அதனை மெய்யென நிறுவினார். 1978-இல் அவருக்குக் கணிதத்தின் மிக உயர்ந்த விருதாகிய ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. 1988-இல், கணினி வலையமைப்புகளுக்குப் பயன்படும் ஒருவகை வரைபடங்களுக்கு, அந்த ஊகத்தின் தொடர்பால் இராமானுஜன் வரைபடங்கள் என்றே பெயரிட்டனர்.

அவருடைய இறுதி ஆண்டின் தாள்கள் பட்ட பாடு இதனினும் வியப்பானது. சென்னைப் பல்கலைக்கழகம் 1923-இல் அவற்றை ஹார்டிக்கு அனுப்பிற்று. பின்னர் அவை ஜி.என். வாட்சன் என்ற பேராசிரியரின் கைக்குப் போயின. 1965-இல் வாட்சன் இறந்தபோது, அவர் வீட்டு அறையின் தரை முழுவதும் காகிதங்கள் குவிந்து கிடந்தன. சில நாள்களில் எரிக்கப்பட இருந்த அக்குவியலிலிருந்து இராமானுஜனின் தாள்கள் மீட்கப்பட்டு, 1968-இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தைச் சேர்ந்தன. அங்கேயும் எட்டாண்டுகள் எவரும் தீண்டவில்லை. 1976-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் பெட்டியைத் திறந்தார். அவர் அத்துறையில் ஊறியவராக இருந்ததால், அந்தக் கையெழுத்து யாருடையது, அதிலுள்ளவை யாவை என்பதை உடனே அறிந்தார். நூறு பக்கங்களுக்கு மேல். சுமார் அறுநூறு சூத்திரங்கள். வேறொருவர் திறந்திருந்தால் மீண்டும் மூடிவைத்திருக்கக் கூடும்.

அதன்பின் வெளிச்சம் இரண்டாம் முறை பின்னோக்கிப் பாய்ந்தது. அவர் கப்பலேறுமுன் எழுதிய பழைய குறிப்பேடுகளை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1957-இலேயே அச்சிட்டிருந்தது. அவற்றிலுள்ள மூவாயிரத்துக்கு மேற்பட்ட முடிவுகளுக்குப் புரூஸ் பெர்ண்ட் நிரூபணம் தொகுத்து, 1985 முதல் 1998 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டார். திருக்கோவிலூரில் குமாஸ்தா வேலைக்காகப் புரட்டிக் காட்டிய கணக்குகளுக்கு, முக்கால் நூற்றாண்டு கழித்துக் கிடைத்த பதில் அது! 1907, 1920, 1960 ஆகிய எந்த ஆண்டில் நிறுத்தி இம்மனிதரை அளந்திருந்தாலும், அளவு பிழையாகவே இருந்திருக்கும். எண்ணிக்கை அட்டவணைகளைக் கொண்டு இன்றைய ஆய்வாளருக்குப் பதவியும் பணமும் பங்கிடுவோர் இந்தப் பிழையைக் கணக்கில் கொள்கிறார்களா என்பது எமக்குள்ள ஐயம்.

ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. 1909-இல் இராமானுஜனை மணந்த ஜானகி அம்மாள், இருபத்தோராம் வயதில் விதவையானார். கணவருடன் அவர் சேர்ந்து வாழ்ந்தது சில ஆண்டுகளே. சென்னைத் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்தும், சிறு ஓய்வூதியம் பெற்றும் காலம் தள்ளினார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னவர்கள் வைக்கவில்லையே என்று முதுமையில் பத்திரிகைப் பேட்டியொன்றில் வருந்தினார். அதை அறிந்த அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்டு ஆஸ்கி முன்னின்று முயல, பல நாட்டுக் கணித அறிஞர்கள் தத்தம் சொந்தப் பணத்தைத் திரட்டினர். பால் கிரான்லண்ட் என்ற சிற்பி வடித்த வெண்கல மார்பளவுச் சிலை 1980-களில் அம்மையாரிடம் வந்து சேர்ந்தது. 1994 ஏப்ரலில் அவர் காலமானார். இராமானுஜன் தம் கடைசிக் கடிதத்தில் ஹார்டிக்கு எழுதியனுப்பிய மாக் தீட்டா சார்புகளின் உட்பொருளை, டச்சு மாணவர் சாண்டர் ஸ்வேகர்ஸ் தம் ஆய்வேட்டில் விளக்குவதற்கு அப்போது இன்னும் எட்டாண்டுகள் இருந்தன.