ராட்டினத்தடியில் அமர்ந்திருந்த தந்தை

குடும்பத்தோடு முதன்முறையாக ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதென்றால் வீட்டில் எத்தனை ஆலோசனைகள்! எந்த மாதம் போவது, எத்தனை நாள் தங்குவது, தம்பியின் உயரம் போதாதென்று நிறுத்திவிட்டால் அவனை எப்படிச் சமாதானம் செய்வது, பாட்டியால் அவ்வளவு தூரம் நடக்க முடியுமா, எல்லாவற்றுக்கும் மேலாகப் பணத்துக்கு எங்கே போவது? அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னிலாந்துக்கும், ஃபுளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வோர்ல்டுக்கும் புறப்படும் குடும்பங்கள் மாதக்கணக்கில் இப்படித் திட்டமிடுகின்றன. அவர்கள் எல்லாருக்கும் முன்பே, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து போக ஓர் இடம் வேண்டுமென்று யோசித்தவர் ஒருவர் உண்டு. அவர்தாம் வால்ட் டிஸ்னி. மிக்கி மவுஸ் என்னும் சுண்டெலியைத் தந்தவராகவே அவரை நாம் அறிவோம். இரண்டு பெண்களின் தகப்பனாராக அவரைச் சற்றுப் பார்ப்போம்.

1901-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் சிகாகோ நகரில் அவர் பிறந்தார். தந்தை எலியாஸ், தாய் புளோரா. 1906-இல் குடும்பம் மிசௌரி மாநிலத்து மார்சலின் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஒரு பண்ணை, ஆப்பிள் மரங்கள், பக்கத்தில் ரயில் பாதை. வாழ்நாள் முழுவதும் அவர் மறவாத ஊர் அது. ஆனால் அந்த இன்பம் சில ஆண்டுகளே நீடித்தது. தந்தை நோயுற்றார், பண்ணை விற்கப்பட்டது, கான்சஸ் நகருக்குச் சென்றார்கள்.

அங்கே தந்தை செய்தித்தாள் விநியோகத்தை எடுத்தார். அண்ணன் ராயும் ஒன்பது வயது வால்ட்டும் விடியற்காலை மூன்றரை மணிக்கே எழுந்து, வீடு வீடாகச் செய்தித்தாள் போடவேண்டும். பனி முழங்கால் அளவு கிடந்தாலும் ஓய்வு இல்லை. கூலி என்று ஒரு காசும் தந்தை கொடுக்கவில்லை. ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக இப்படி. வகுப்பில் அவர் தூங்கி வழிந்ததில் வியப்பென்ன? சில பணக்கார வீடுகளின் திண்ணையில் பிள்ளைகள் விட்டுச் சென்ற பொம்மைகள் கிடக்குமாம். இருட்டில் சிறிது நேரம் அவற்றோடு விளையாடிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார் என்பர். பெரியவரான பின்னும், ஏதோ ஒரு வீட்டுக்குச் செய்தித்தாள் போட மறந்துவிட்டதாகக் கனவு கண்டு திடுக்கிட்டு விழிப்பாராம். அவருடைய வரலாற்றில் எங்கள் மனத்தை மிகவும் தொட்ட பகுதி இதுதான்.

பிறகு நடந்தவற்றை உலகம் அறியும். 1923-இல் அவருடைய கம்பெனி திவாலாயிற்று. ஏறக்குறைய நாற்பது டாலரோடு ஹாலிவுட் சென்று, அண்ணன் ராயுடன் சேர்ந்து புதிய கம்பெனி தொடங்கினார். 1928-இல் மிக்கி மவுஸ் பேசும் படத்தில் தோன்றியது. 1937-இல் வந்த ஸ்நோ ஒயிட் படம் அவரைக் கவிழ்த்துவிடும் என்று பலர் நகைத்தார்கள்; அதுவோ பெரும் வெற்றி பெற்றது. ஆயினும் அவரிடம் குறையே இல்லை என்று எழுதினால் அது உண்மையாகாது. 1941-இல் அவருடைய ஓவியர்கள் சங்கம் அமைத்து வேலைநிறுத்தம் செய்தபோது, அவர் கடுமையாக நடந்துகொண்டார். முன்னின்றவர்களை மன்னிக்கவும் இல்லை. சிறுவயதில் கூலியின்றி உழைத்தவர், உழைப்பவர் கேட்ட நியாயத்தை ஏன் உணரவில்லை என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் தம் பெண்களிடம் அவர் தம் தந்தையைப் போல் இருக்கவில்லை. மனைவி லில்லியனுக்கும் அவருக்கும் 1933-இல் டயான் பிறந்தாள். பின்னர் ஷாரன் என்னும் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். வார விடுமுறையில் இருவரையும் தாமே வெளியே அழைத்துச் செல்வார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் ஒரு குடை ராட்டினம் உண்டு. பெண்கள் குதிரையேறிச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அவர் பெஞ்சில் அமர்ந்து வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டிருப்பார். திருவிழாக் கடைவீதியில் எங்கள் அப்பாக்களும் ராட்டினத்தடியில் எங்கள் செருப்புகளைக் காத்துக்கொண்டு நின்றவர்கள்தாம்! பிள்ளைகள் விளையாடப் பெற்றோர் வெறுமனே காத்திருக்க வேண்டியதுதானா, இருவரும் சேர்ந்து மகிழ ஓர் இடம் ஏன் இல்லை என்ற எண்ணம் அந்தப் பெஞ்சில்தான் அவருக்கு உதித்தது.

லில்லியனுக்கு இது பிடிக்கவில்லை. அக்காலத்துக் கேளிக்கைப் பூங்காக்கள் அழுக்கும் முரட்டுத்தனமும் நிறைந்தவை. அப்படி ஒன்றை எதற்குக் கட்டவேண்டும் என்பது அவர் கவலை. அப்படி இல்லாத ஒன்றைக் கட்டுவதுதான் கணவரின் ஆசை. 1951-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரிலுள்ள டிவோலி தோட்டத்துக்குச் சென்றபோது, நாற்காலி, விளக்கு, உணவு என்று கண்டதையெல்லாம் குறித்துக்கொண்டார். அத்தோட்டத்தின் தூய்மை அவரைக் கவர்ந்தது.

பணம் கிடைப்பதுதான் அரிதாயிற்று. வரவுசெலவு பார்த்துவந்த ராய் முதலில் தயங்கினார். வால்ட் தம் ஆயுள் இன்சூரன்சின் பேரில் கடன் வாங்கினார். ஓய்வுக்கு வைத்திருந்த வீட்டை விற்றார். பிறகு ஒரு தொலைக்காட்சி நிறுவனம் துணைக்கு வந்தது. அனஹைம் ஊரில் ஆரஞ்சுத் தோப்புகளாக இருந்த 160 ஏக்கர் நிலத்தில், 1954 ஜூலையில் தொடங்கிய வேலை ஒரே ஆண்டில் முடிந்தது. செலவு 1 கோடியே 70 லட்சம் டாலர். வெளியுலகம் கண்ணில் படாதபடி சுற்றிலும் மண்மேடு எழுப்பி, அதன்மேல் ரயில் ஓடவிட்டார். குழந்தைகள் வழி தவறாதிருக்க ஒரே வாயில். நடுவில் எங்கிருந்தும் அடையாளம் தெரிய ஒரு கோட்டை. நுழைந்தவுடன் வரும் கடைத்தெருவில் மார்சலின் ஊரின் நினைவைப் பதித்தார்.

1955 ஜூலை 17 அன்று நடந்த திறப்பு விழாவோ பெரும் குழப்பம். போலி டிக்கெட்டோடு ஆயிரக்கணக்கானோர் புகுந்துவிட்டார்கள். வெயிலில் புதுத் தார் இளகிப் பெண்மணிகளின் குதிகால் செருப்புகள் புதைந்தன. குழாய் வேலையாட்களின் வேலைநிறுத்தத்தால், குடிநீர்க் குழாய்களா கழிப்பறைகளா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. அவர் கழிப்பறைகளையே தேர்ந்தெடுத்தார். குடும்பத்தோடு வெளியூர் போயிருப்பவர்களுக்கு அதன் நியாயம் புரியும்! ஆயினும் ஏழே வாரங்களில் பத்து லட்சம் பேர் வந்தனர். தீயணைப்பு நிலையம் போல் கட்டிய கட்டடத்தின் மாடியில் அவருக்கு ஒரு சிறிய இல்லம் இருந்தது. அங்கிருந்து இறங்கி வந்து மக்களோடு தாமும் வரிசையில் நின்று பார்ப்பார்.

அன்று பெரியவருக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டாலர், சிறுவருக்கு அரை டாலர். ராட்டினங்களுக்குத் தனிக் கட்டணம். இன்றோ நடுத்தரக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் சேமித்தால்தான் போக முடிகிறது. எல்லாக் குடும்பங்களுக்கும் என்று எண்ணிய இடம் பலருக்கு எட்டாமல் போனது வருத்தமே.

டிஸ்னிலாந்தைச் சுற்றி யார் யாரோ விடுதிகளும் கடைகளும் நெருக்கிக் கட்டிவிட்டார்கள். அதனால் அடுத்த முறை நிலம் தாராளமாக வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். தம் பெயர் தெரிந்தால் விலை ஏறுமென்று, வெவ்வேறு கம்பெனிகளின் பெயரில் ஃபுளோரிடாவில் சுமார் 27,000 ஏக்கரை வாங்கினார். 1965-இல் செய்தி வெளியாயிற்று. இன்று அங்கே நான்கு பெரிய பூங்காக்கள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகப் பெரும்பாலும் வாகனம் வேண்டும். ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவதற்குக் காரணம், வால்ட்டின் அந்தத் தாராளந்தான். கோடையில் போவோர் மாலை நேர இடிமழையையும் கணக்கில் கொள்ளவேண்டும். மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் இல்லை என்பது ஓர் ஆறுதல்.

அந்த இடத்தை அவர் காணவில்லை. நெடுங்காலம் சிகரெட் பிடித்தவர். நுரையீரல் புற்றுநோய் கண்டது. கடைசி நாள்களில் ராய் மருத்துவமனைக்கு வந்தபோது, படுத்தபடியே மேற்கூரைச் சதுரங்களைச் சுட்டிக்காட்டி, சாலை எங்கே, பூங்கா எங்கே என்று விளக்கினார் என்பர். 1966 டிசம்பர் 15-ஆம் நாள், தம் அறுபத்தைந்தாம் வயதில் காலமானார்.

ராய்க்கு அப்போது 73 வயது. ஓய்வு பெறவிருந்தவர் அதைத் தள்ளிவைத்தார். விடியற்காலைப் பனியில் தம்பியோடு செய்தித்தாள் சுமந்த அதே அண்ணன், ஐந்து ஆண்டுகள் உழைத்து 1971 அக்டோபர் 1-ஆம் நாள் அதைத் திறந்தார். டிஸ்னி வோர்ல்டு என்று மட்டும் இருந்த பெயரின் முன்னால், யாருடைய கனவு என்பதை எவரும் மறக்கலாகாதென்று, தம்பியின் பெயரான வால்ட் என்பதைச் சேர்த்தார். அதே ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள் அவரும் காலமானார்.