ஸ்பீக்கரே இல்லாத இடத்தில் இருந்து குரல் வருவது எப்படி? யார் இந்த ஆலன் ப்ளம்லைன்?

ரெண்டு ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்கார்ந்து பாட்டு கேட்டால், பாடகர் நட்ட நடுவில் நின்று பாடுற மாதிரி இருக்கும். ஆனா அங்க ஸ்பீக்கரே கிடையாது! இந்த ஸ்டீரியோ வித்தைக்கு அடித்தளம் போட்டவர் ஆலன் ப்ளம்லைன்.

1903-ல் லண்டனில் பிறந்த எஞ்சினியர். 1931-ல் வருங்கால மனைவியோடு சினிமா பார்க்கப் போனார். திரையில் நடிகர் இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரத்துக்கு நடக்கிறார். குரல் மட்டும் ஒரே இடத்தில் இருந்து வருகிறது. அதுதான் அவரை உறுத்தியதாகச் சொல்வார்கள். அதே ஆண்டு டிசம்பர் 14-ம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். அப்போது வயது 28.

விஷயம் இதுதான். ரெண்டு பக்கமும் ஒரே அளவு சத்தம் வந்தால், மூளை குரலை நடுவில் வைக்கும். ஒரு பக்கம் கூடினால் குரல் அந்தப் பக்கம் நகரும்.

உங்க வீட்டுல குரல் எப்பவும் இடது பக்கமே இழுக்குதா? முதலில் ரெண்டு ஸ்பீக்கரும் உங்களுக்குச் சம தூரத்தில் இருக்கான்னு பாருங்க. அப்புறம் ஆம்ப்ளிஃபயரை ஆஃப் செய்துவிட்டு, அதன் பின்னாடி இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிப் போடுங்க. குரல் வலது பக்கம் தாவினால் கோளாறு ஆம்ப்ளிஃபயரிலோ, அதுக்குப் பாட்டு தரும் கருவியிலோ இருக்கிறது. இடதிலேயே நின்றால் ஸ்பீக்கர் அல்லது அறைதான் காரணம். நடுவே குரலே நிற்காமல், பேஸும் குறைந்தால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு ஒயர் இடம் மாறியிருக்கலாம்.

ப்ளம்லைன் வேலை பார்த்தது இஎம்ஐ-யில். கடன் தவணை இல்லை, இசைத்தட்டு கம்பெனி! 1934-ல் அபே ரோடு ஸ்டூடியோவில் மொசார்ட் சிம்பொனியை ஸ்டீரியோவில் பதிவு செய்தும், நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. அவரும் டிவி, பிறகு ரேடார் என்று நகர்ந்தார்.

1942 ஜூன் 7. ரேடார் சோதனைக்காகப் பறந்த ஹாலிஃபாக்ஸ் விமானம், எஞ்சினில் தீப்பிடித்து இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட்ஷயரில் விழுந்தது. அதில் இருந்த 11 பேரும் பலி. ப்ளம்லைனுக்கு 38 வயசுதான். அவர் பெயரில் 128 காப்புரிமைகள். ஆனால் போர்க்கால ரகசியம் என்பதால் அந்தச் சாவு பற்றி வெளியே மூச்சு விடவில்லை.

ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளுக்கு வந்தது 1950-களின் இறுதியில். ஒரே பள்ளத்தின் இரு சுவர்களில் இரு பக்க ஒலியையும் செதுக்கும் அந்த வழி, 1931 விண்ணப்பத்திலேயே இருந்தது.