தொழுகைக்கூடத்தில் ஓர் இடம்: ஏ.பி. சலேம் வாழ்வு தரும் சிந்தனை



ஐப்பசி, கார்த்திகை மழையில் வேடந்தாங்கல் ஏரி நிரம்பியதும் பறவைகள் வந்து சேரும். நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கூழைக்கடா, நீர்க்காகம், வக்கா எனப் பல இனங்களும் தண்ணீரில் நிற்கும் மரங்களில் கிளைக்குக் கிளை கூடு கட்டும். இந்த ஊர் மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. 1798-ஆம் ஆண்டிலேயே செங்கல்பட்டு கலெக்டர் இந்த ஏரிக்குப் பாதுகாப்பு வழங்கினார் என்பது வரலாறு. எங்கிருந்தோ வந்த பறவைக்கு இடம் கொடுக்கத் தெரிந்த நமக்கு, நம்முடன் முழந்தாளிட்டுச் செபிக்கும் மனிதருக்கு இடம் கொடுக்கத் தெரிந்திருக்கிறதா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு ஒரு யூதரின் நினைவு வரும். அவர் பெயர் ஆபிரகாம் பாரக் சலேம். கொச்சியில் பிறந்தவர், சென்னையில் படித்தவர். தான் செபித்த தொழுகைக்கூடத்தில் தனக்கும் தன் மக்களுக்கும் இடம் கேட்டு அறவழியில் போராடியவர்.

அவருடைய வாழ்வைப் புரிந்துகொள்ள கொச்சி யூதர்களைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். கேரளக் கடற்கரையில் யூதர்கள் மிகப் பழங்காலத்திலிருந்தே வாழ்ந்து வந்தார்கள். ஏறக்குறைய கி.பி. 1000-ஆம் ஆண்டில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்குச் செப்பேடு வழங்கிச் சிறப்புரிமைகள் அளித்தார். நம் இந்திய மண் யூதர்களை ஒருபோதும் துன்புறுத்தியதில்லை என்று அவர்களே நன்றியோடு நினைவுகூர்வதுண்டு. இவர்கள் மலபார் யூதர்கள் என அழைக்கப்பட்டார்கள்.

1492-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாடு யூதர்களை வெளியேற்றியது. போர்த்துக்கலிலும் அவர்கள் வாழ வழியில்லாமல் போயிற்று. அங்கிருந்தும், பின்னர் மேற்கு ஆசிய நாடுகளிலிருந்தும் சில குடும்பங்கள் கொச்சிக்கு வந்தன. இவர்களைப் பரதேசி யூதர்கள் என்றார்கள். நம் பேச்சுவழக்கில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் வந்துவிட்டது. அங்கே அதற்குப் பொருள், வேறு தேசத்திலிருந்து வந்தவர் என்பதுதான். கொச்சி மன்னர் அவர்களுக்குத் தம் அரண்மனையை ஒட்டியே மட்டாஞ்சேரியில் இடம் கொடுத்தார். 1568-ஆம் ஆண்டில் அங்கே பரதேசித் தொழுகைக்கூடம் எழுந்தது. இன்றும் அதனுள் நுழைகிறவர்கள் நம் ஊர் வழக்கப்படி காலணிகளைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

அன்புக்குரியவர்களே, காலணியைக் கழற்றும் நல்ல வழக்கத்தைக் கற்றுக்கொண்டது போலவே, வேறொரு வழக்கத்தையும் அவர்கள் நம் சமூகத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதுதான் மனிதரை மேல், கீழ் எனப் பிரிக்கும் வழக்கம். அடைக்கலம் தேடி வந்தவர்களே பிறருக்குக் கதவை அடைத்தார்கள். வெள்ளை யூதர், கறுப்பு யூதர் என்ற பிரிவு உண்டாயிற்று. இவர்களுக்கும் கீழே மூன்றாவதாக ஒரு பிரிவினர் இருந்தார்கள். எபிரேய மொழியில் அவர்களுக்கு மெஷுஹ்ராரிம் என்று பெயர். விடுவிக்கப்பட்டோர் என்பது பொருள். யூதக் குடும்பங்களில் அடிமைகளாக இருந்து, யூத மறையைத் தழுவி, விடுதலை பெற்றவர்களின் வழிமரபினர் இவர்கள். எசமானர்களின் இரத்தமே இவர்களுள் பலருடைய உடலில் ஓடியது.

பெயரில் விடுதலை இருந்தது, செப வீட்டில் இல்லை. அவர்கள் உள்ளே விரிசுப்பலகையில் அமரக்கூடாது. முன்மண்டபத்தில் தரையிலோ படியிலோ அமர வேண்டும். மற்ற ஆண்களைப் போல, திருச்சட்டச் சுருளை வாசிக்க அழைக்கப்படும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அவர்களுடைய திருமணத்தை அங்கே நடத்த முடியாது. அவர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் கிடையாது. ஒரே கடவுள், ஒரே திருச்சட்டம், ஒரே ஓய்வுநாள். ஆனால் இருக்கை மட்டும் வேறு.

இந்த வேறுபாட்டை யூத மறை கற்பிக்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து இதுபற்றிய கேள்வி எகிப்தின் கெய்ரோ நகரில் வாழ்ந்த புகழ்பெற்ற ரபி தாவீது பென் சிம்ராவுக்கு அனுப்பப்பட்டது. முறைப்படி சடங்குகள் நிறைவேற்றப்பட்டால் அவர்களும் முழு உரிமையுள்ள யூதர்களே என்ற வகையில் அவர் தீர்ப்பளித்தார். மறைநூல் அறிஞர் சொன்ன பிறகும் வழக்கம் மாறவில்லை. மறைக்கு எதிராகவே ஆனாலும் வழக்கத்தை விட மனமில்லாத நிலை நமக்கும் புதிதல்லவே!

இப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில்தான் 1882-ஆம் ஆண்டில் சலேம் பிறந்தார். தாயின் பராமரிப்பில் வளர்ந்தார். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்து, பிறகு சென்னைக்கு வந்து பட்டம் பெற்றார். சென்னையிலேயே சட்டமும் பயின்றார். அவருடைய மக்களுள் முதல் பட்டதாரியும் முதல் வழக்கறிஞரும் அவரே. பின் எர்ணாகுளம் திரும்பி வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார்.

படித்த பிறகு சென்னையிலேயே தங்கியிருக்கலாம். நீதிமன்றத்தில் அவருக்கு நாற்காலி உண்டு. 1925-ஆம் ஆண்டு முதல் 1931 வரை, மீண்டும் 1939 முதல் 1945 வரை கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். அங்கும் அவருக்கு இருக்கை உண்டு. எர்ணாகுளம் காயல் கரையில் ஒரு மேட்டில் நின்று அவர் மக்களிடம் பேசுவார். அந்த மேட்டையே சலேம் குன்று என்று மக்கள் அழைத்தார்கள். நாடு முழுவதற்குமான விடுதலையிலும் அவருக்கு ஆர்வம் இருந்தது. முழு விடுதலையே இலக்கு என்று முடிவெடுத்த 1929-ஆம் ஆண்டின் லாகூர் காங்கிரஸ் மாநாட்டில் அவரும் கலந்துகொண்டார். இவ்வளவு மதிப்பு பெற்ற மனிதர், ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்திற்கு வந்தால் மட்டும் அவருக்கு இருக்கை இல்லை.

அது எப்படிப்பட்ட காலம் என்பதையும் எண்ணிப் பார்ப்போம். 1924, 1925 ஆண்டுகளில் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாரும் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்தது. நம் தமிழகத்திலிருந்து பெரியார் சென்று அதில் பங்கேற்றுச் சிறைப்பட்டதை நாம் அறிவோம். 1936-இல் திருவிதாங்கூர் மன்னர் ஆலய நுழைவு அறிக்கையை வெளியிட்டார். இந்து சகோதரர்களின் கோயில் கதவுகள் தட்டப்பட்ட அதே காலத்தில், மட்டாஞ்சேரி யூதத் தெருவில் சலேம் தம் சொந்தத் தொழுகைக்கூடத்தின் கதவைத் தட்டினார்.

காந்தியடிகள் காட்டிய வழியையே அவர் தேர்ந்துகொண்டார். சில காலம் தொழுகைக்கூடத்தைப் புறக்கணித்தார். ஆனால் புறக்கணிப்போடு அவர் நின்றுவிடவில்லை. உள்ளே வந்தார், செபத்தில் பங்கேற்றார், அநீதியான விதிக்குப் பணிய மறுத்தார். தம் பிள்ளைகளையும் அந்த வழியிலேயே நடத்தினார். வன்முறையில் இறங்கவில்லை. வேறு மதத்திற்கும் போகவில்லை. வெறுத்து விலகிப் போவதற்கு எல்லாக் காரணமும் அவருக்கு இருந்தது. வாயை மூடிக்கொண்டு படியில் அமர்ந்திருப்பதும் எளிதாகவே இருந்திருக்கும். இரண்டையும் அவர் செய்யவில்லை. இது என் தந்தையரின் செப வீடு, ஆகவே இங்கிருந்து போகமாட்டேன்; இது கடவுளின் வீடு, ஆகவே இங்கே அநீதிக்கு இணங்கமாட்டேன். அவருடைய வாழ்வு இப்படித்தான் சொல்கிறது. மக்கள் அவரை யூத காந்தி என்று அழைத்தது பொருத்தமே.

பலன் உடனே வரவில்லை. ஆயினும் 1930-களின் நடுப்பகுதிக்குள் பழைய தடைகள் பல தளர்ந்தன. காலங்காலமாகப் படியில் அமர்ந்தவர்கள் உள்ளே அமர்ந்தார்கள். அதன் பிறகும் திருமணத் தடை நீடித்தது. 1950-ஆம் ஆண்டில் சலேமின் மகன்களுள் ஒருவர் வெள்ளை யூதக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். அந்தத் தெருவில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. புதுமணத் தம்பதியர் ஊரைவிட்டு மும்பை சென்று வாழ நேர்ந்தது. இருக்கையில் இடம் விடுவதைவிட இல்லத்தில் இடம் விடுவது மனிதருக்குக் கடினம் போலும்.

இதற்கிடையில் வரலாறு வேறொரு திருப்பம் கண்டது. சலேம் 1933-இல் பாலஸ்தீனம் சென்று வந்ததிலிருந்தே, யூதர்கள் தம் மூதாதையர் நாட்டிற்குத் திரும்ப வேண்டும் என்ற கருத்துடையவராக இருந்தார். 1948-இல் இஸ்ரயேல் நாடு உருவானது. ஏறக்குறைய 2,500 பேராக இருந்த கொச்சி யூதர்களுள் பெரும்பாலோர் 1950-களில் அங்கே குடியேறினார்கள். அவர்களுடைய பயணத்திற்காகச் சலேம் உழைத்தார். ஆனால் அவர் கொச்சியிலேயே தங்கி, 1967-ஆம் ஆண்டில் தம் 85-ஆம் வயதை ஒட்டி இறந்தார். அதற்கு அடுத்த ஆண்டு தொழுகைக்கூடத்தின் 400-ஆம் ஆண்டு விழா பிரதமர் இந்திரா காந்தி முன்னிலையில் சிறப்பாகக் கொண்டாடப்பட்டது. அதைக் காண அவர் இல்லை.

இன்று அந்தத் தொழுகைக்கூடத்திற்குச் சென்றால் சுற்றுலாப் பயணிகளைக் காணலாம். சீனாவிலிருந்து வந்த நீல ஓவியத் தரைக்கற்களையும் தொங்கும் கண்ணாடி விளக்குகளையும் பார்த்து வியக்கலாம். யூத முறைப்படி பொதுச் செபம் நடைபெறப் பத்து ஆண்கள் வேண்டும். பரதேசி யூதர்களுள் இன்று அங்கு எஞ்சியிருப்போரை ஒரு கை விரல்களிலேயே எண்ணிவிடலாம். வெளியூரிலிருந்து யூதர்கள் வந்தால்தான் பத்துப் பேர் சேர முடியும். யார் உள்ளே அமரலாம், யார் அமரக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாக வழக்காடிய இடத்தில் இன்று இருக்கைகள் இருக்கின்றன, அமர ஆள் இல்லை.

அன்பார்ந்தவர்களே, யூதர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த உரிமை கிறிஸ்தவர்களாகிய நமக்கு இல்லை. பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் யூதர்களைத் துன்புறுத்தியவர்கள் கிறிஸ்தவர்களே. இயேசுவின் இறப்புக்கு யூத மக்கள் அனைவரையும் குற்றவாளிகளாக்கக் கூடாது என்று 1965-ஆம் ஆண்டில்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகக் கற்பித்தது. 1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உரோமைத் தொழுகைக்கூடத்திற்குச் சென்று யூத மக்களைத் தழுவிக்கொண்டார். அதே திருத்தந்தை 2003-ஆம் ஆண்டு நவம்பரில், தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டை வன்மையாகக் கண்டித்துப் பேசினார். யூதர்களின் நோயைப் பற்றி அவர் பேசவில்லை, நம்முடைய நோயைப் பற்றிப் பேசினார்.

இங்கே ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இளம் குருவாகப் பணியாற்றிய ஓர் ஊரில், காலனித் தெருவிலிருந்து ஒரு பெரியவர் ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வருவார். முன்னால் நாற்காலிகள் காலியாக இருந்தாலும் பின்வாசல் ஓரம் தரையில்தான் அமர்வார். ஒருநாள் ஏன் ஐயா என்று கேட்டேன். பழகிவிட்டது சாமி என்பதுபோலச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்குப் புரிந்தது. ஆனாலும் ஊரில் சண்டை வரும் என்று அஞ்சி நான் எதுவும் செய்யவில்லை. அவர் இறந்தபோது, சுவர் எழுப்பிப் பிரித்திருந்த கல்லறையில் அவருக்குரியது என ஒதுக்கப்பட்ட பக்கத்திலேயே செபித்து அடக்கம் செய்தேன். பல ஆண்டுகள் கழித்துச் சலேமின் வாழ்வைப் படித்தபோது அந்தப் பெரியவர்தான் என் கண்முன் வந்தார். படியில் அமர்ந்தவர் எழுந்து கேட்கும்வரை காத்திருப்பது ஓர் ஆயனுக்கு அழகல்ல என்பதை நான் காலம் கடந்துதான் கற்றுக்கொண்டேன்.

தூய யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில், செபக்கூட்டத்திற்கு வரும் செல்வருக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குத் தரையும் காட்டும் சபையைக் கடிந்துகொள்கிறார். அந்தப் பகுதியில் சபையைக் குறிக்க மூலமொழியாகிய கிரேக்கத்தில் அவர் பயன்படுத்தும் சொல், தொழுகைக்கூடத்தைக் குறிக்கும் அதே சொல். யாக்கோபு கடிந்துகொண்டதையே மட்டாஞ்சேரியில் சலேம் தம் வாழ்வால் கடிந்துகொண்டார். நம் ஆண்டவர் இயேசுவும் ஓய்வுநாள்தோறும் தொழுகைக்கூடம் சென்றவர்தாம். அவர் மட்டாஞ்சேரிக்கு வந்திருந்தால் எங்கே அமர்ந்திருப்பார்? நம் பங்கு ஆலயத்திற்கு வந்தால் யாருக்கு அருகில் அமர்வார்?

அடுத்த ஞாயிறு திருப்பலிக்குச் செல்லும்போது ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். வாசலோரம் நிற்பவர் யார், தரையில் அமர்ந்திருப்பவர் யார் என்று கவனிப்போம். அருகில் சென்று, நம் பக்கத்தில் இடம் இருக்கிறது, வாருங்கள் என்று அழைப்போம். திருவிழாத் தேர் போகாத தெரு நம் ஊரில் இருந்தால், அன்பியக் கூட்டத்திலும் பங்குப் பேரவையிலும் அதைப் பற்றிப் பேசத் துணிவோம். வேடந்தாங்கல் ஏரி வற்றினாலும் அடுத்த மழைக்குப் பறவைகள் திரும்பி வரும். நாம் இடம் தராமல் அனுப்பிய மனிதர் திரும்பி வருவார் என்பதற்கு உறுதி இல்லை. இருக்கைகள் வெறுமையாவதற்கு முன் இடம் கொடுக்கும் மனத்தை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.